நீலக் குழந்தைகளின் இதய அறுவையும் திடீர் ஆக்சிஜனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறவி இதயக் குறைபாட்டால் உடல் நீலம் பாரித்த குழந்தைக்குத் திறந்த இதய அறுவை நடக்கும்போது, இதய–நுரையீரல் இயந்திரம் அந்தக் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜனை ஒரேயடியாக ஏற்றிவிடுகிறது. இந்தத் திடீர் ஏற்றமே இதயத் தசையைக் காயப்படுத்தக்கூடும். இதை மருத்துவத்தில் மறு ஆக்சிஜனேற்றக் காயம் என்கிறார்கள். பெற்றோர், ஐ.சி.யு. செவிலியர்கள், பெர்ஃபியூஷன் (இந்த இயந்திரத்தை இயக்கும் துறை) படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்கு இதைப் பற்றி எழும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், விஷயம் அப்படி.

குழந்தை ஏன் நீலமாகிறது?

உடலைச் சுற்றிவந்த, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். சில பிறவிக் குறைபாடுகளில் அதில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகாமலே, இதயத்தில் உள்ள ஓட்டை வழியாகக் குறுக்கே பாய்ந்து மீண்டும் உடலுக்கே போய்விடுகிறது. 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 5 கிராம் ஹீமோகுளோபின் ஆக்சிஜன் இல்லாமல் இருந்தால் உதடு, நாக்கு, நகக்கண் எல்லாம் நீலமாகத் தெரியும். ரத்தசோகை உள்ள குழந்தையிடம் ஆக்சிஜன் நன்றாகக் குறைந்திருந்தாலும் நீலம் தெரியாமல் போகலாம். கண்ணை மட்டும் நம்பக்கூடாது.

இவற்றில் மிகப் பரவலாக அறியப்பட்டது டெட்ராலஜி ஆஃப் ஃபேலட். பிரெஞ்சு மருத்துவர் ஆர்தர் ஃபேலட் 1888-இல் விரிவாக விவரித்த நான்கு குறைபாடுகளின் கூட்டு இது. பெருந்தமனிகள் இடம் மாறியிருப்பது, டிரைகஸ்பிட் வால்வு உருவாகாமல் போவது, ஒற்றைக் கீழறை இதயம் போன்றவையும் இந்த வகைதான்.

அளவு எவ்வளவு குறைந்திருக்கும்?

இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் கருவி காட்டுவது சாச்சுரேஷன், அதாவது ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பது. மற்றவர்களுக்கு 95-க்கு மேல் இருக்கும். நீலக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 70 முதல் 85 வரை. இரண்டாவது எண் ஆக்சிஜன் அழுத்தம். தமனி ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். மற்ற குழந்தைகளுக்கு இது 80–100 மி.மீ. பாதரசம், நீலக் குழந்தைகளுக்கு 30 முதல் 50 வரை. இந்தப் பக்கம் முழுக்க நாம் பேசப்போவது இந்த இரண்டாவது எண்ணைப் பற்றித்தான்.

ஆக்சிஜன் உயிர் காப்பதாயிற்றே, அது எப்படிக் காயப்படுத்தும்?

நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் வேளையே விருந்து வைத்தால் உடம்பு தாங்காது. இதயத்திலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது, வேதியியல்தான் வேறு.

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் எரிந்து சக்தி உண்டாகும்போது ஒரு சிறு பங்கு ஆக்சிஜன் முழுதாக எரியாமல் சூப்பர்ஆக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கலாக, அதாவது பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் மூலக்கூறாக மாறும். இது எல்லாருக்கும் எந்நேரமும் நடப்பது. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற காவல் நொதிகள் அதை உடனுக்குடன் அடக்கிவிடும். குறைந்த ஆக்சிஜனிலேயே பழகிய இதயத்தில் இந்தக் காவலின் கையிருப்பு குறைவு. அதோடு, ஆக்சிஜன் பற்றாத நேரத்தில் சக்தி மூலக்கூறான ஏ.டி.பி. உடைந்து ஹைப்போசாந்தின் போன்ற எச்சங்கள் தேங்கியிருக்கும்.

இந்த நிலையில் ஆக்சிஜன் அழுத்தம் பல மடங்கு எகிறினால், ராடிக்கல்கள் மொத்தமாகக் கிளம்பும். தேங்கிய ஹைப்போசாந்தினை உடைக்கும் வேலையிலேயே ஒரு பங்கு பிறக்கும். மனித இதயத்தில் இந்த வழி அவ்வளவு பெரிதல்ல. மைட்டோகாண்ட்ரியாவும், ரத்தத்தில் தூண்டப்பட்ட நியூட்ரோஃபில் வெள்ளணுக்களும்தான் அதிகம் உற்பத்தி செய்கின்றன. சூப்பர்ஆக்சைடு நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட் என்ற இன்னும் கொடிய பொருள் உருவாகும். இவை செல் சவ்வின் கொழுப்பைத் தாக்குகின்றன. சவ்வு கசிந்தால் கால்சியம் உள்ளே கொட்டும். கால்சியம் மிகுந்தால் தசை நார் சரியாகத் தளராது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவரிலும் துளைகள் திறந்து, சக்தி உற்பத்தியே நின்றுபோகும். அந்த எல்லைக்குப் போன செல் பிழைக்காது. அதுவரை போகாதவை சில நாள் சோர்ந்து கிடந்து மீளும்.

வார்டில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறார்களே, அப்போது இந்தக் காயம் வராதா?

இந்த அளவில் வராது. காரணம் அந்தக் குறைபாட்டிலேயே இருக்கிறது. மாஸ்க்கில் வரும் ஆக்சிஜன் நுரையீரலுக்குப் போய்வந்த ரத்தத்தில்தான் ஏறும். நுரையீரலைத் தொடாமல் குறுக்கே பாயும் ரத்தத்தை அது தொடவே முடியாது. இரண்டும் கலந்த பிறகு உடலுக்குப் போகும் ரத்தத்தில் அழுத்தம் கொஞ்சம்தான் உயரும். பிறந்த குழந்தையின் நீலத்துக்குக் காரணம் இதயமா நுரையீரலா என்று பார்க்கச் செய்யும் ஹைபராக்சியா பரிசோதனைக்கு அடிப்படையே இதுதான்: பத்து நிமிடம் போல 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் அழுத்தம் 100-ஐ எட்டாவிட்டால் இதயத்தைச் சந்தேகிப்பார்கள்.

பிறந்ததிலிருந்து எத்தனை மாஸ்க் வைத்தும் உயராத அந்த எண், அறுவை அரங்கில் பம்ப், அதாவது இதய–நுரையீரல் இயந்திரம், ஓடத் தொடங்கியதும் ஓரிரு நிமிடத்தில் உயர்ந்துவிடுகிறது. இயந்திரம் இதயத்தையும் அதிலுள்ள ஓட்டையையும் சுற்றிக்கொண்டு போய்விடுவதால் தடுக்க எதுவும் இல்லை.

பம்ப் தொடங்கும்போது சரியாக என்ன நடக்கிறது?

வலப்பக்கப் பெருஞ்சிரைகளில் குழாய் வைத்து ரத்தத்தை வெளியே எடுக்கிறார்கள். அது ஆக்சிஜனேட்டர் என்ற செயற்கை நுரையீரல் வழியாகப் போய், மகாதமனியில் வைத்த குழாய் மூலம் உடலுக்குத் திரும்புகிறது. ஆக்சிஜனேட்டருக்குள் மெல்லிய குழலிழைகளின் ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் வாயு. வாயுவில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்பதை பிளெண்டர் என்ற கருவியின் திருகு முடிவு செய்யும். வாயு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடைத்தான் கட்டுப்படுத்தும். இரண்டையும் கையில் வைத்திருப்பவர் பெர்ஃபியூஷனிஸ்ட்.

மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடும் இடம் ஒன்று. பம்ப் தொடங்குமுன் குழாய்களை நிரப்பி வைத்திருக்கும் பிரைம் திரவமும் ஆக்சிஜனேட்டரில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதை முழு ஆக்சிஜனில் சுற்றவிட்டிருந்தால், குழந்தையின் இதயத்துக்குப் போகும் முதல் அலையிலேயே அழுத்தம் 300, 400 என்று இருக்கும். அதன்பிறகு பிளெண்டரைக் குறைத்தாலும் முதல் அடி விழுந்தாயிற்று.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவே கூடிவிடுகிறது என்றுதானே அர்த்தம்?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டால் தெளியும்.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். நீலக் குழந்தையின் உடல் பற்றாக்குறையை ஈடுகட்டச் சிவப்பணுக்களை அதிகம் உற்பத்தி செய்யும். ஹீமோகுளோபின் 18 கிராம், சாச்சுரேஷன் 80 என்று வைத்துக்கொண்டால், 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 19 மி.லி. ஆக்சிஜன் இருக்கிறது. ஹீமோகுளோபின் 13, சாச்சுரேஷன் 98 உள்ள ஆரோக்கியமான குழந்தைக்கு 17 மி.லி.தான். மொத்த அளவில் நீலக் குழந்தையின் ரத்தம் ஏழையே இல்லை! குறைந்திருப்பது அழுத்தம். செல்லின் உள்மூலை வரை ஆக்சிஜனைத் தள்ளுவது அந்த அழுத்தம்தான்.

இப்போது பம்ப் தொடங்குகிறது. பிரைம் திரவம் கலந்து ரத்தம் நீர்த்துப்போகிறது. ஹீமோகுளோபின் 10-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். சாச்சுரேஷன் 100 ஆனாலும் ஹீமோகுளோபின் சுமப்பது 13.4 மி.லி.தான். ஆக, ஹீமோகுளோபின் சுமக்கும் ஆக்சிஜன் 19-இலிருந்து 13-க்கு இறங்கும் அதே நிமிடத்தில் அழுத்தம் 40-இலிருந்து 400-க்கு ஏறுகிறது. ராடிக்கல் உற்பத்தி அழுத்தத்தோடு சேர்ந்து ஏறுவது. இதயத்துக்குக் கூடுதலாகச் சாப்பாடு எதுவும் கிடைக்கவில்லை, நெருப்பு மட்டும் கூடியிருக்கிறது.

இதயத்தை நிறுத்தி வைப்பதால் வரும் காயமும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்றல்ல. அறுவையின்போது மகாதமனியில் கிளாம்ப் போட்டு, கார்டியோபிளீஜியா கரைசல் செலுத்தி இதயத்தை நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் ரத்த ஓட்டமே இல்லை. கிளாம்பை எடுத்து ரத்தம் திரும்பும்போது வருவது மறு ரத்த ஓட்டக் காயம். நாம் பேசும் காயம் அதற்கு முன்பே, இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும்போதே, பம்ப்பின் முதல் நிமிடங்களில் தொடங்கிவிடுகிறது.

இதைப் பிரித்துக் காட்டியது 1990களில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு பக்பெர்க் குழு பன்றிக்குட்டிகளில் செய்த தொடர் ஆய்வுகள். குட்டிகளின் ஆக்சிஜன் அழுத்தத்தை 20–30 மி.மீ. அளவுக்குக் குறைத்து வைத்து, பிறகு பம்ப்பில் உயர் ஆக்சிஜன் கொடுத்தார்கள். கிளாம்ப் போடாமல், இதயத்தை நிறுத்தாமல் செய்ததிலேயே இதயத்தின் சுருங்கும் திறன் வெகுவாகக் குறைந்தது, கொழுப்புச் சிதைவின் அடையாளங்கள் கூடின, காவல் நொதிகளின் கையிருப்பு தேய்ந்தது. ஆக்சிஜனைப் படிப்படியாக ஏற்றியபோதோ ராடிக்கலை அடக்கும் மருந்துகளைப் பிரைமில் கலந்தபோதோ காயம் குறைந்தது.

மனிதர்களில் இதற்கு முன்பே தடயம் இருந்தது. 1980களின் பிற்பகுதியில் டொரொன்டோவில் பெட்ரோ டெல் நிடோவும் சகாக்களும் டெட்ராலஜி அறுவையின்போது இதயத் தசைத் துணுக்குகளைப் பரிசோதித்து, ஃப்ரீ ராடிக்கல் தாக்குதலுக்கான சான்றை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் குழந்தைகள் இதய அறுவையில் புழங்கும் டெல் நிடோ கார்டியோபிளீஜியா அவர் பெயரில் உள்ளதுதான்.

பன்றிக்குட்டி ஆய்வுகளுக்கு ஒரு பெரிய வரம்பும் உண்டு. குட்டிகளுக்கு ஆக்சிஜன் குறைந்திருந்தது சில மணி நேரம்தான். குழந்தைகளோ மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் அப்படியே வாழ்ந்திருக்கிறார்கள். நெடுநாள் பற்றாக்குறையில் இதயம் தன்னை ஓரளவு மாற்றிக்கொள்ளும். அதனால் அந்த எண்களை அப்படியே குழந்தைகள் மேல் ஏற்றிப் பேசுவது சரியில்லை. திசையைக் காட்டுகின்றன, தூரத்தை அல்ல.

அறுவைக்குப் பிறகு இந்தக் காயம் எப்படித் தெரியவரும்?

அறுவை முடிந்த முதல் 6 முதல் 18 மணி நேரத்தில் இதயத்தின் வெளியீடு குறையும். கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும், திசுவுக்கு ஆக்சிஜன் பற்றாததைக் காட்டும் லாக்டேட் ரத்தத்தில் ஏறும், இதயத்தைத் தூண்டும் மருந்துகளின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். டெட்ராலஜி குழந்தைகளில் வலது கீழறை ஏற்கெனவே தடித்திருப்பதால் அது விறைத்துப்போய், தளர்ந்து ரத்தத்தை வாங்க மறுக்கும். இதயத் தசை காயப்பட்டால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் உயரும். இதய அறுவை எதுவானாலும் ட்ரோபோனின் உயரத்தான் செய்யும், எவ்வளவு என்பதே கேள்வி.

ஐ.சி.யு.வில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதே அறிகுறிகளுக்கு வேறு காரணங்களும் உண்டு: மூடாமல் விட்டுப்போன ஓட்டை, சரியாகத் திறக்காத நுரையீரல் தமனி வழி, கரோனரி தமனியில் பிரச்சனை, இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குதல், தாறுமாறான துடிப்பு. இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. எக்கோ எடுத்து இவை இல்லை என்று உறுதி செய்யாமல் ‘ஆக்சிஜன் காயமாக இருக்கும்’ என்று சொல்லிவிடுவது ஆபத்தான சோம்பேறித்தனம்.

இதயம் மட்டும்தானா?

மூளை, நுரையீரல், கல்லீரல் என்று எல்லா உறுப்பும் அதே ரத்தத்தைத்தான் வாங்குகின்றன.

காயத்தைத் தடுக்க என்ன வழி?

ஆக்சிஜனைப் படிப்படியாக ஏற்றுவது. இதற்குக் கட்டுப்படுத்திய மறு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். பிரைம் திரவத்தை முழு ஆக்சிஜனில் சுற்றவிடாமல் சாதாரணக் காற்றின் அளவான 21 சதவீதத்திலோ அதற்குச் சற்று மேலோ வைப்பார்கள். பம்ப் தொடங்கும்போது குழந்தையின் பழைய அழுத்தத்துக்கு அருகிலேயே ஆரம்பித்து, நிமிடங்கள் போகப் போக மெல்ல உயர்த்துவார்கள். பிறகும் 300, 400 என்று விடாமல் இயல்பான எல்லைக்குள்ளேயே நிறுத்திக்கொள்வார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. செய்வதற்கு, நொடிக்கு நொடி ஆக்சிஜன் அழுத்தத்தைக் காட்டும் இன்லைன் மானிட்டரும், அதன்மேல் கண் வைத்திருக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட்டும் வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து அனுப்பிப் பார்ப்பதெல்லாம் இதற்குப் போதாது, நடந்து முடிந்த பிறகுதான் தெரியும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மாசிமோ கபூட்டோ குழு இதைக் குழந்தைகளிலேயே சோதித்தது. 2009-இல் வெளிவந்த ஆய்வில் 67 நீலக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பம்ப்பில் ஆக்சிஜன் அழுத்தம் 50–80, மற்றதற்கு 150–180. குறைந்த ஆக்சிஜன் பிரிவில் இதயம், மூளை, கல்லீரல் ஆகியவற்றின் காயத்தைக் காட்டும் ரத்தக் குறியீடுகளும் ஃப்ரீ ராடிக்கல் தாக்குதலின் குறியீடுகளும் தணிவாக இருந்தன. ஒப்பிட்ட மற்ற பிரிவே 150–180தான் என்பதைக் கவனியுங்கள். பல அரங்குகளில் எண் அதையும் தாண்டிப் போவது வழக்கம்.

இவ்வளவு எளிதென்றால் எல்லா அரங்கிலும் ஏன் செய்வதில்லை?

எதிர்வாதம் முட்டாள்தனமானது அல்ல. முதலில், பாதுகாப்பு இருப்பு. பம்ப்பிலோ ஆக்சிஜனேட்டரிலோ கோளாறு வந்தால் ரத்தத்தில் கூடுதலாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சில நொடிகளாவது கை கொடுக்கும் என்பது பழைய தலைமுறையின் நம்பிக்கை. அது எவ்வளவு என்று பார்ப்போமே. ரத்தத்தில் கரையும் ஆக்சிஜன், 100 மி.லி.க்கு அழுத்தத்தின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.003 மி.லி. அழுத்தத்தை 100-இலிருந்து 400-க்கு ஏற்றினால் கிடைப்பது 0.9 மி.லி. மேலே பார்த்த 13.4-இல் இது ஏழு சதவீதம்கூட இல்லை. உடலை நன்றாகக் குளிர்விக்கும் அறுவைகளில் மட்டும் கதை மாறும். குளிரில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், உடலின் தேவையும் குறைந்திருக்கும். அப்போது கரைந்த ஆக்சிஜனின் பங்குக்கு மதிப்பு கூடுகிறது. ரத்த ஓட்டத்தை முழுதாக நிறுத்தப்போகும் சிக்கலான அறுவைகளுக்கு முன் சிலர் வேண்டுமென்றே ஆக்சிஜனை ஏற்றி வைப்பது இதனால்தான். அந்த இடத்தில் அவர்களோடு சண்டை போட முடியாது.

அடுத்தது காற்றுக் குமிழி. ரத்தத்தில் நுழையும் நுண்குமிழிகளில் நைட்ரஜன் இருந்தால் அவை மெதுவாகத்தான் கரையும். ஆக்சிஜன் மிகுந்த ரத்தத்தில் சீக்கிரம் கரையும். இதுவும் உண்மைதான்.

மூன்றாவது, சான்றின் கனம். ஆய்வுகள் சிறியவை. காட்டியிருப்பது பெரும்பாலும் ரத்தக் குறியீடுகளில் வித்தியாசம். இன்றைய குழந்தைகள் இதய அறுவையில் இறப்பு குறைவாக இருப்பதால், அதில் ஒரு வித்தியாசத்தை நிரூபிக்க மிகப் பெரிய ஆய்வு தேவை.

இத்தனையும் எடைபோட்ட பின் என் கருத்து இது. சாதாரண அல்லது மிதமான வெப்பநிலையில் செய்யும் அறுவையில், நீலக் குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே 400 மி.மீ. கொடுப்பதற்கு ‘பழக்கம்’ என்பதைத் தவிர நல்ல காரணம் இல்லை. பிளெண்டரின் திருகைக் குறைத்து வைக்கக் கூடுதல் மருந்தோ கூடுதல் செலவோ தேவையில்லை. ஆனால் அழுத்தத்தைக் குறைக்கிறவர் ஹீமோகுளோபினைக் காப்பாற்றியாக வேண்டும். ரத்தத்தையும் நீர்க்கவிட்டு ஆக்சிஜனையும் குறைத்தால் உறுப்புகள் பட்டினியாகும். பிரைமின் அளவைச் சுருக்குவது, தேவையான அளவு ரத்தம் சேர்ப்பது, பம்ப் ஓட்டத்தைப் போதுமான அளவில் வைப்பது, சிரை ரத்தத்தின் சாச்சுரேஷன், மூளையின் ஆக்சிஜனைக் காட்டும் நியர்ஸ், லாக்டேட் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பது எல்லாம் இதன் பகுதி. திருகை மட்டும் குறைத்துவிட்டு ‘நாங்களும் செய்கிறோம்’ என்பது அரைகுறை வேலை.

காயத்தை அடக்க மருந்து இல்லையா?

அலோபியூரினால், என்–அசிட்டைல்சிஸ்டீன், வைட்டமின் சி என்று பலவற்றை முயன்றிருக்கிறார்கள், வெள்ளணுக்களை வடிகட்டும் ஃபில்டர்களையும். விலங்குகளில் நம்பிக்கை தந்தவை பல, குழந்தைகளில் வழக்கமான சிகிச்சையாக நிலைத்தது எதுவும் இல்லை. ராடிக்கல் பிறந்த பிறகு துரத்துவதைவிடப் பிறக்காமல் பார்ப்பதே இன்றைக்கு நடைமுறை.

பக்கத் தமனியை இணைக்கும் ஷன்ட் அறுவையிலும் இந்தப் பயம் உண்டா?

மிகக் குறைவு. கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் இந்த அறுவையை 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆல்ஃப்ரெட் பிளேலாக் முதன்முதலில் செய்தார். யோசனை ஹெலன் டாசிக் உடையது, நுட்பத்தை ஆய்வகத்தில் உருவாக்கியவர் விவியன் தாமஸ். ஷன்ட் போட்ட பிறகும் ரத்தம் கலந்தே ஓடுவதால் சாச்சுரேஷன் 75–85 வரைதான் ஏறும். பம்ப் இல்லாமலே பெரும்பாலும் முடித்துவிடலாம். அழுத்தத்தில் பெரிய பாய்ச்சல் இல்லை.

பிறந்ததும் அழாத குழந்தைக்கும் இதே கவலைதானா?

ஆம், ஒரே அறிவியல். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைக்கு 100 சதவீத ஆக்சிஜன் கொடுப்பதுதான் ஒரு காலத்தில் விதி. நார்வேயின் ஓலா சௌக்ஸ்டாட் 1970களிலிருந்தே ஹைப்போசாந்தினை ஆராய்ந்து, இது சரிதானா என்று கேள்வி எழுப்பினார். நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றிலேயே தொடங்கலாம் என்று 2010-இல் சர்வதேச வழிகாட்டுதல்கள் மாறின. இதய அறுவை அரங்குகள் அந்த வேகத்தில் மாறவில்லை.

இதைப் படித்த பிறகு, என் பிள்ளைக்கு ஆக்சிஜன் கொடுக்கவே பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள், மறுக்கவும் செய்யாதீர்கள். இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான பதில் இதுதான். டெட்ராலஜி குழந்தை திடீரென்று கருநீலமாகி, வேகமாக மூச்சு வாங்கி, துவண்டுபோகும் ‘ஸ்பெல்’ வந்தால் முழங்கால்களை மடக்கி மார்போடு சேர்த்துப் பிடியுங்கள், குழந்தையை அமைதிப்படுத்துங்கள், உடனே அவசர மருத்துவ உதவிக்குப் போங்கள். அங்கே ஆக்சிஜன் கொடுப்பார்கள், கொடுக்க வேண்டும். மாஸ்க் ஆக்சிஜன் அழுத்தத்தை ஏன் அபாயகரமாக உயர்த்தாது என்று மேலே பார்த்தோம். இங்கே பேசிய காயம் பம்ப்பின் முதல் நிமிடங்களுக்கு உரியது.

சீக்கிரம் அறுவை செய்துவிட்டால் இந்தக் காயம் குறையுமா?

நீலமாக இருந்த காலம் குறைந்தால் வலது கீழறை அதிகம் தடிக்காது, தழும்புத் திசுவும் குறைவாக இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. வருடக்கணக்கில் நீலமாக இருந்தவர்களுக்கு மகாதமனியிலிருந்து நுரையீரலுக்குத் துணைத் தமனிகள் நிறைய முளைத்திருக்கும். அவை வழியாக வரும் ரத்தம் இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் உள்ளே நுழைந்து, இதயத்தைச் சூடாக்கி, கார்டியோபிளீஜியாவைக் கழுவிவிடும். டெட்ராலஜியை முதல் வயதுக்குள், பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் சரிசெய்வதைப் பல மையங்கள் விரும்புவதற்கு இவையெல்லாம் சேர்ந்த காரணங்கள். குழந்தையின் எடை, நுரையீரல் தமனியின் அளவு என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள், தேதி மட்டும் போதாது.

காயம் பட்டால் அது நிரந்தரமா?

பெரும்பகுதி மீளக்கூடியது. சோர்ந்த தசை சில நாட்களில் பழைய நிலைக்கு வரும். அந்தச் சில நாட்களை மருந்துகளாலும், தேவைப்பட்டால் இதயத்தின், நுரையீரலின் வேலையைத் தற்காலிகமாக ஏற்கும் எக்மோ கருவியாலும் கடத்துவார்கள். இறந்துபோன செல்கள் திரும்பி வராது. டெட்ராலஜி சரிசெய்த பிள்ளைகளின் நீண்டகாலப் பிரச்சனைகளில் பெரியது நுரையீரல் வால்வு கசிவு. அதற்கு ஆயுள் முழுக்கப் பரிசோதனை தேவை, ஆக்சிஜன் காயம் பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அறுவைக்கு முன் நாங்கள் மருத்துவக் குழுவிடம் என்ன கேட்கலாம்?

‘பம்ப்பில் ஆக்சிஜனை எப்படி ஏற்றுவீர்கள், படிப்படியாகவா?’ என்று நேராகவே கேட்கலாம். பதில் சொல்லச் சிறந்தவர் பெர்ஃபியூஷனிஸ்ட். அவரைப் பெற்றோர் பார்ப்பதே அரிது, சந்திக்க முடியுமா என்று கேளுங்கள். ‘எங்கள் அறுவையில் உடலை ஆழமாகக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது, அதனால் வேறு முறை’ என்று காரணத்தோடு பதில் வந்தால் அதுவும் நல்ல பதில்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தை வைத்து மருத்துவமனையை மாற்றாதீர்கள். குழுவின் அனுபவம், அறுவையின் தரம், ஐ.சி.யு. கவனிப்பு ஆகியவை இதைவிடப் பல மடங்கு கனமானவை.

நாங்கள் வீட்டில் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

இரண்டு. முதலாவது, நீர்ச்சத்து. சிவப்பணு மிகுந்த ரத்தம் கெட்டியானது. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்து நீர் வற்றினால் ரத்தம் உறைந்து பக்கவாதம்கூட வரலாம். அறுவைக்கு முன் வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய நேரத்தை மருத்துவர் சொன்னபடி வையுங்கள், உங்கள் விருப்பத்துக்கு நீட்டாதீர்கள். தெளிந்த திரவம் எதுவரை கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, இரும்புச்சத்து. நீலக் குழந்தையின் ஹீமோகுளோபின் 14 என்று வந்தால் ‘நன்றாக இருக்கிறதே’ என்று தோன்றும். இந்தப் பிள்ளைக்கு அது குறைவாக இருக்கலாம், இரும்புக் குறைபாடு மறைந்திருக்கலாம். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்க்க வேண்டுமா என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். மருத்துவர் சொல்லாமல் இரும்பு டானிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம், சிவப்பணு மேலும் ஏறினாலும் தொல்லைதான்.